அம்ரிதா ஷெர்கில் வரைந்த உள்வீடு

உன்னிச்சையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

மட்டக்களப்பைப் படமாக வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் எதை வரைவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வாவி, தோணி, கல்லடிப் பாலம், வலை வீசும் மீனவர். உன்னிச்சைப் பிள்ளை என்றால் குளக்கட்டு, வான்கதவு, விளைந்த வயல், சேற்றில் கிடக்கும் எருமை. அழகான பொருள்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனையும் வீட்டுக்கு வெளியே இருப்பவை. குசினியில் தேங்காய் துருவுகிறவர், விறாந்தையில் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவர், பகல் வேலை முடிந்து பாயில் சாய்கிறவர் ஆகியோர் நம் சித்திரக் கொப்பிகளுக்குள் வருவது அரிது. வீட்டின் உள்பக்கம் படத்துக்கு உரிய பொருள் அல்ல, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் நடப்பதில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அது பிழையான எண்ணம் என்று காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அதற்கு நான் அழைத்து வரும் முதன்மைச் சாட்சி ஓவியர் அம்ரிதா ஷெர்கில். வீட்டுக் காட்சியை வரைந்த பெண் ஓவியர்கள் சின்னப் பொருளை எடுத்து அழகுபடுத்தியவர்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. ஒரு சமூகத்தில் யார் உழைக்கிறார், யாருடைய நேரம் யாருக்குச் சொந்தம், யார் யாருக்குப் பணிவிடை செய்கிறார் என்ற கணக்கு வீட்டுக்குள்ளேதான் முதலில் எழுதப்படுகிறது. எந்தக் கச்சேரிப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. அந்தக் கணக்கைக் கண்ணால் படித்து வண்ணத்தால் எழுதி வைத்தவர்கள் இந்தப் பெண்கள்.

ஷெர்கிலுக்கு வருமுன் அவருக்கு அறுபது ஆண்டு முந்திய பரிஸ் நகரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1874ஆம் ஆண்டு ஏப்ரலில், அரசின் ஓவியக் கண்காட்சியை நம்பாத முப்பது பேர் அளவிலான ஓவியர்கள், நாடார் என்ற புகைப்படக்காரர் முன்பு வைத்திருந்த கலைக்கூடத்தில் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிற்பாடு இம்ப்ரஷனிஸ்டுகள் என்று உலகம் அழைத்தது இவர்களைத்தான். அதில் கலந்துகொண்ட ஒரே பெண் பெர்த் மொரிசோ. அவர் வைத்த படங்களில் ஒன்று 1872இல் வரைந்த 'தொட்டில்'. மெல்லிய வெள்ளைத் திரை போட்ட தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. தாய் ஒரு கையில் கன்னத்தை ஊன்றி, மறு கையால் திரையின் ஓரத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாய்ப்பாசம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடிய படம். ஆனால் அந்தத் தாய் யார் என்று தெரிந்தால் நகர முடியாது. அவர் மொரிசோவின் அக்கா எட்மா. தங்கையோடு சேர்ந்தே ஓவியம் கற்றவர், 1864இல் அரசுக் கண்காட்சியில் தங்கையோடு சேர்ந்தே படம் வைத்தவர். 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்ததோடு அவரது தூரிகை நின்றுபோயிற்று. ஆகவே அந்தத் திரைக்குப் பக்கத்தில் இருப்பவரைத் தாய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வரைவதை விட்டுவிட்ட ஓவியர் ஒருவரை, வரைவதை விடாத ஓவியர் ஒருவர் வரைந்திருக்கிறார். எட்மாவின் முகத்தில் அன்பு இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, வேறு எதையோ எண்ணும் சாயலும் இருக்கிறது. படம் அப்போது விலைபோகவில்லை. குடும்பத்திலேயே கிடந்து, 1930இல்தான் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். மொரிசோ வீட்டை விரும்பியா வரைந்தார்? அக்கால ஆண் ஓவியர்களான மானேயும் தெகாவும் மதுக்கடைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நாடக மேடையின் பின்கட்டுக்கும் போய் வரைந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண் துணையில்லாமல் தெருவிலேயே நடக்க முடியாது. வேறு வழியில்லாமல் வரைந்ததை எப்படிச் சாதனை என்று கொள்வது? கலை வரலாற்றாசிரியர் கிரிசெல்டா பொலொக் இந்தத் தடையை ஓவியம் ஓவியமாக எடுத்து விரிவாகக் காட்டியிருக்கிறார். தடை இருந்தது மறுக்க முடியாத உண்மை. அரசின் கலைக்கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1897இல். மொரிசோ இறந்தது 1895இல். அவரது இறப்புச் சான்றிதழில் தொழில் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். ஆனாலும் தடையால் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டவர், அந்த இடத்தில் மற்றவர் காணாததைக் காண முடியும். 1879இல் அவர் வரைந்த ஒரு படத்தில் ஆன்ஷெல் என்ற செவிலி தோட்டத்தில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தை மொரிசோவின் சொந்த மகள் ஜூலி. செவிலி கூலிக்கு வந்தவள். கலை வரலாற்றாசிரியர் லிண்டா நொக்லின் இந்தப் படத்தை உழைப்பின் படமாகவே வாசித்தார். ஒரு பெண் தன் உடம்பின் பாலைக் கூலிக்குக் கொடுக்கிறாள். அவளுக்கு எதிரே இன்னொரு பெண், அந்தப் பால் கிடைப்பதால் ஓய்ந்த கைகளோடு, விற்பதற்கான படத்தை வரைகிறாள். பால் குடிக்கும் பிள்ளை அழகு என்று மேலோட்டமாகத் தெரியும் காட்சிக்குள் கூலி, வர்க்கம், தாய்மை மூன்றும் ஒருங்கே கிடக்கின்றன. மதுக்கடையில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு இந்தப் படம் கிடைத்திருக்காது.

வீட்டுக் காட்சி என்றாலே இந்தத் தன்மை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. யார் எந்த இடத்திலிருந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை விவேகானந்தர் பேசியதை வைத்து நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே கண்காட்சியின் மகளிர் கட்டடத்துக்கு மேரி கசாட் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர் பெரிய சுவரோவியம் ஒன்று வரைந்து கொடுத்தார். பெண்கள் அறிவு மரத்தின் கனியைப் பறித்து அடுத்த தலைமுறைச் சிறுமியருக்குக் கொடுக்கும் காட்சி. அது இன்று இல்லை, தொலைந்துவிட்டது. அதே கண்காட்சிக்கு ராஜா ரவி வர்மா அனுப்பிய பத்து ஓவியங்களில் ஒன்று 'அதோ அப்பா வருகிறார்'. தன் மகள் மகாபிரபாவையும் பேரனையும் வைத்து வரைந்தது. தாய் இடுப்பில் பிள்ளையை ஏந்தி நிற்கிறாள். இருவர் பார்வையும் படத்துக்கு வெளியே, வந்துகொண்டிருக்கும் ஆணை நோக்கிப் போகிறது. அவர் படத்தில் இல்லை, ஆனால் படமே அவருக்காக நிற்கிறது. ரவி வர்மா பிறந்த திருவிதாங்கூரில் அவரது சமூகம் தாய்வழிச் சமூகம். வீடு தாயின் தரவாடு, அதாவது தாய்வழிக் குடும்பத்தின் வீடு. அங்கே அப்பா வருகைக்காகக் காத்து நிற்கும் சிறு குடும்பம் என்பது அக்காலத்தில் புதிதாக நுழைந்துகொண்டிருந்த பழக்கம். வரலாற்றாசிரியர் ஜி. அருணிமா மலபாரின் தாய்வழி முறை எப்படிச் சிதைக்கப்பட்டது என்று எழுதிய நூலுக்கு இந்த ஓவியத்தின் பெயரையே வைத்தார். தாய்வழிக் குடியில் பிறந்த மட்டக்களப்பார் இந்தப் படத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அந்தப் பேச்சைப் பின்னால் எடுக்கிறேன். வீட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யாருக்காகத் திறக்கிறது என்பதை ஓவியர் முடிவு செய்கிறார் என்பதை மட்டும் இப்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்ரிதா ஷெர்கில் 1913 ஜனவரி 30ஆம் திகதி புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாப்பின் பெரிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த அறிஞர், புகைப்படத்தில் ஆழ்ந்தவர். தாய் மரீ அந்துவானெத், ஹங்கேரியப் பாடகி. 1921இல் குடும்பம் இந்தியா வந்து சிம்லாவில் தங்கியது. 1929இல் ஓவியம் கற்கப் பரிஸ் போனார். 1930இல் அவர் சேர்ந்தது மொரிசோவால் நுழைய முடியாத அதே கலைக்கல்லூரியில். ஆண் பெண் இருபாலாரின் உடலையும் மாதிரியாக வைத்து வரைந்து பழகினார்; நகரத்தில் தன் விருப்பப்படி நடமாடினார். 'இளம் பெண்கள்' என்ற படத்துக்கு 1933இல் பரிஸ் பெருங்கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன் துணை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. ஆகவே மொரிசோவுக்குச் சொன்ன மறுப்பு ஷெர்கிலுக்குப் பொருந்தாது. தெரு அவருக்குத் திறந்திருந்தது, கல்லூரி திறந்திருந்தது, பரிஸ் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. அத்தனையும் இருந்தும் 1934 முடிவில் இந்தியா திரும்பிய அவர் எடுத்த பொருள் வீட்டுக்குள் இருக்கும் பெண்கள். 1935இல் 'மூன்று பெண்கள்' வரைந்தார். மூவரும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். உடைகளின் நிறம் கனத்துத் தெரிகிறது. பின்னணியில் சுவரும் இல்லை, சாளரமும் இல்லை, வெறும் நிறம். ஒருத்தி மற்றவளைப் பார்க்கவில்லை. பார்வைகள் மூன்றும் தாழ்ந்திருக்கின்றன, கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. யாரையும் எதிர்பார்த்து வாசலைப் பார்க்கும் கண் இந்தப் படத்தில் ஒன்றுகூட இல்லை. ரவி வர்மாவின் பெண் வெளியே பார்த்து மகிழ்கிறாள். ஷெர்கிலின் பெண்கள் தங்களுக்குள்ளே எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தங்களுக்கென ஓர் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதைத் தீர்மானித்தவர்கள் தாங்கள் அல்ல என்பதை உணர்ந்த முகங்கள் அவை. இந்தப் படத்துக்கு 1937இல் பம்பாய் ஓவியச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

1936 முடிவிலும் 1937 தொடக்கத்திலும் அவர் தெற்கே பயணம் செய்தார். அஜந்தா, எல்லோரா, ஐதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் படியெடுத்துப் பயின்றார். சிம்லா திரும்பியதும் வரைந்த மூன்று படங்கள் தென்னிந்திய வரிசை என்று அறியப்படுகின்றன. அவற்றில் சந்தைக்குப் போகும் கிராமத்தாரும் பிரமச்சாரிகளும் வெளியுலகக் காட்சிகள். 'மணமகள் அலங்காரம்' மட்டும் உள்வீட்டுக் காட்சி. என் மதிப்பில் அவர் வரைந்தவற்றுள் இதுவே தலையாயது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். நடுவில் மணப்பெண் அமர்ந்திருக்கிறாள். வெளிர் நிறத்தவள். மருதாணி இட்ட கைகளை, ஈரம் காயும்வரை எதையும் தொடக்கூடாதவள் போல, விரித்து வைத்திருக்கிறாள். சுற்றிலும் அவளைவிடக் கருநிறமான பெண்கள். ஒருத்தி பின்னால் நின்று கூந்தலைப் பார்க்கிறாள். பக்கத்தில் சிறுவர். அஜந்தாவில் கற்ற நிதானமான உடல் வளைவும், சுவரோவியத்தின் மண் நிறங்களும் இதில் இறங்கியிருக்கின்றன. திருமண வீட்டின் ஆரவாரம் எதுவும் இல்லை. இந்தக் காட்சியில் வேலை செய்யும் கைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். இயங்கும் கைகள் கருநிறக் கைகள். வெளிர்நிறக் கைகள் இரண்டும் இயங்க முடியாமல் விரிந்திருக்கின்றன. அலங்காரம் செய்கிறவளுக்கு உழைப்பு, செய்யப்படுகிறவளுக்கு அசையாமை. நிறத்தின் பேரால் நம் சமூகங்கள் வைத்திருக்கும் படிநிலை முழுவதும் ஒரே அறைக்குள், ஒரு தலைவாரலுக்குள் அடங்கிவிட்டது. சந்தையையும் வீதியையும் வரைந்த படங்களில் இந்த அளவு கூர்மை இல்லை.

1938இல் ஹங்கேரிக்குப் போய், மருத்துவரான தன் தாய்வழி உறவினர் விக்டர் ஏகனை மணந்துகொண்டு, 1939இல் கோரக்பூருக்கு அருகே சராயாவில் தந்தைவழிக் குடும்பத்தின் பண்ணையில் வந்து தங்கினார். பெரிய வீடு, நீண்ட மதியங்கள், வேலையாட்கள், உறவுக்காரப் பெண்கள். அங்கே வரைந்தவை அளவில் சிறியவை, பேசப்படுவதும் குறைவு. ஆனால் என் வாதத்துக்கு அவையே வலுவான சான்று. முகலாயச் சிற்றோவியத்தையும் பசோலிச் சிற்றோவியத்தையும் ஊன்றிக் கற்றதன் பயன் அவற்றில் தெரிகிறது: நிறம் துலங்குகிறது, முகங்களிலிருந்த கனத்த சோகம் குறைகிறது, வீடு முழுதாகத் தெரிகிறது. 'மஞ்சள் அரைப்பவர்கள்' 1940ஆம் ஆண்டுப் படம். மரநிழலில், முற்றத்தில், குனிந்து அரைக்கும் பெண்கள். உழைப்பு அங்கே உழைப்பாகவே இருக்கிறது. அதே ஆண்டு வரைந்த 'கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' இன்னும் நுட்பமானது. சிவப்பு உடை உடுத்த இளம்பெண் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். கட்டிலின் கால்களும் சிவப்பு. பக்கத்தில் பணிப்பெண் ஒருத்தி கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் வேலை. ஆனால் அந்த ஓய்வும் நிம்மதியான ஓய்வு அல்ல. கிடப்பவளின் உடம்பில் ஒரு தவிப்பு இருக்கிறது. அவளுக்கு அந்த மதியத்தில் செய்ய வேறொன்றும் அனுமதிக்கப்படவில்லை. மொரிசோவின் தோட்டத்தில் பால் கொடுத்த செவிலியும் சராயாவில் விசிறும் பெண்ணும் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள்: வீடு ஒரு வேலைத்தளம்.

இனி ஷெர்கிலுக்கு எதிராகச் சொல்லப்படும் கடுமையான குற்றச்சாட்டு. அவர் நில உடைமைக் குடும்பத்துப் பெண். ஐரோப்பாவில் பயின்று, ஐரோப்பியக் கண்ணோடு வந்து, ஏழைப் பெண்களைச் சோகச் சிலைகளாக்கினார். அந்தப் பெண்களுக்கு வாயும் இல்லை, பெயரும் இல்லை. இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1935இல் அவர் வரைந்த 'மலைப் பெண்கள்' போன்ற படங்களில் வறுமையை நீண்ட கண்களாலும் மெலிந்த கைகளாலும் அழகாக்கிவிட்டார் என்று எனக்கும் தோன்றுகிறது. அங்கே அவர் வெளியே நின்று பார்த்தார். படங்களின் தலைப்புகளில் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் குற்றச்சாட்டின் மறுபாதி நிற்காது. மலைப் பெண்களை வரைந்தபோது அவர் வெளியார். சராயாவின் மதிய வேளையை வரைந்தபோது அவர் அந்த வீட்டுக்காரி, விசிறப்படும் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்த இடத்திலிருந்து அவர் விசிறியை மறைத்திருக்கலாம். கட்டிலை மட்டும் வரைந்திருக்கலாம். பெரும்பாலான மாளிகை ஓவியங்கள் அதைத்தான் செய்தன. அவர் விசிறியையும் விசிறுகிறவளையும் உள்ளே வைத்தார். தன் வர்க்கத்தின் ஓய்வு எதன்மேல் தங்கியிருக்கிறது என்பதைத் தன் வீட்டுக்குள்ளேயே காட்டினார். பெரிய இடத்துப் பெண் என்பதனால் அவருக்குத் தெரிந்த உண்மை அது. ஓவியரின் பிறப்பை வைத்து ஓவியத்தைத் தள்ளினால் இந்தச் சாட்சியத்தையும் சேர்த்தே இழப்போம்.

இன்னொரு மறுப்பு: இந்தப் பெண்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, நம் பெண்கள் அப்படி உட்காருவதே இல்லையே என்பது. நியாயமான கேள்விதான், அதுவும் இரண்டு போகம் வயலையும் மாட்டையும் பார்க்கும் பெண்கள் நிறைந்த உன்னிச்சையில். ஷெர்கிலின் அசையாமையைச் சோம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காத்திருப்பதும் வீட்டில் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துப் போகும்வரை காத்திருத்தல், ஆண்கள் உண்டு முடியும்வரை காத்திருத்தல், வேலைக்குப் போனவர் திரும்பும்வரை காத்திருத்தல். கூலியில்லாத, முடிவில்லாத அந்த வேலையை வரைய அசைவில்லாத உடலைத் தவிர வேறு வழி இல்லை. வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் பெண்களை வரைந்த ஒருவரும் இந்தியாவில் இருந்தார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்துச் சுனயனி தேவி, 1875இல் பிறந்து 1962இல் மறைந்தவர். ஓவியர்கள் ககனேந்திரநாத், அவனீந்திரநாத் ஆகியோரின் சகோதரி. ஆசிரியர் யாரிடமும் முறையாகப் பயிலாமல் முப்பது வயதளவில் வரையத் தொடங்கி, வீட்டு வேலைகளை மேற்பார்த்தபடியே நீர்வண்ணத்தில் வரைந்தார். 1922இல் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களோடு சேர்த்து இந்தியர் படங்களும் காட்டப்பட்ட கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. ஷெர்கிலின் கல்வியும் பயணமும் வாய்க்காதவர். ஆனாலும் அவருடைய பெண்களும், பாதி மூடிய நீண்ட கண்களோடு, அமைதியாகவே இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஷெர்கிலும் அந்தப்புரத்தை விட்டு நகராத சுனயனியும் ஒரே அமைதியைக் கண்டிருப்பதால், அதை ஐரோப்பியக் கற்பனை என்று ஒதுக்குவது கடினம்.

கடைசி மறுப்பு நம் காலத்தின் மறுப்பு. வீட்டுக்குள் பெண்ணை வரைந்துகொண்டே இருந்தால், பெண்ணின் இடம் வீடு என்று சொல்வதாக ஆகாதா? ஆகலாம், வீட்டைப் புனிதமாக்கி வரைந்தால். நான் இதுவரை சொன்ன படங்கள் எதுவும் வீட்டைப் புனிதமாக்கவில்லை. அத்தோடு மட்டக்களப்பில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. பரிஸிலும் சராயாவிலும் வீடு ஆணுக்குச் சொந்தம். பெண் அதற்குள் வைக்கப்பட்டவள். இங்கே அப்படியல்ல. தாய்வழியாகக் குடி எண்ணும் இந்தக் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் இன்னொரு சிறு வீடு கட்டிக்கொண்டு போவதும் வழக்கம். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் இந்த முறையைப் பல ஆண்டுகள் ஆய்ந்து எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. வழக்கம் இப்படி இருக்க, காகிதம் வேறொன்றைச் சொன்னது. அரச காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்து வரிசையில் மகனை மகளுக்கு முன்னால் வைத்தது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த வேற்றுமையை நீக்கியது. குளத்து நீரை நம்பிக் குடியேறிய ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வழக்கப்படி வீடு பெண்ணுடையது, சட்டப்படி காணி மகனை நோக்கிப் போனது. இரண்டுக்கும் நடுவே, போரில் ஆண்களை இழந்து தனியே வீடு நடத்திய பெண்கள் எத்தனையோ பேர். இந்த வீட்டின் உள்பக்கத்தை வரைவது பெண்ணை உள்ளே அடைப்பது ஆகாது. அவளுடைய உடைமையையும் உழைப்பையும் சாட்சியமாக்குவது. ரவி வர்மாவின் தாய்வழிச் சமூகத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். தரவாட்டு வீடு தாயுடையதாக இருந்த காலத்திலேயே, ஓவியத்தில் அது அப்பா வரும் வீடாகிவிட்டது. பிற்பாடு சட்டமும் அந்த வழியே போயிற்று.

இலங்கை ஓவியத்தில் பெண்கள் வரைந்த உள்வீட்டுக்கான இடம் நெடுங்காலம் காலியாகவே இருந்தது. 1943இல் கொழும்பில் தொடங்கிய 43 குழு நவீன ஓவியத்தை இந்த நாட்டில் வேரூன்றச் செய்த பெருமைக்குரியது. ஆனால் அதைத் தொடங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கீற் ஏராளமான பெண்களை வரைந்தார், அவர்கள் காதலியராகவும் காவிய நாயகியராகவும் வந்தார்கள். தமிழ்ப் பெண்ணொருவர் தன் பக்கத்திலிருந்து பெண் வாழ்வை வரைந்ததற்கு நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு, யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்குவிடம் பயின்று, மட்டக்களப்பைத் தன் களமாக்கிக்கொண்ட வாசுகி ஜெயசங்கர். பெண்ணின் உடல், தாய்மை, போர் கொடுத்த இழப்பு ஆகியவற்றை அவர் நிறங்கள் நேராகப் பேசுகின்றன. அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் பெருக வேண்டும். கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை கற்கும் மாணவியர் இருக்கிறார்கள். உன்னிச்சைப் பள்ளிகளில் சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கருவி குறைவு என்பது காரணம் ஆகாது. சுனயனி தேவிக்குத் தனிக் கலைக்கூடம் இருக்கவில்லை.

ஷெர்கில் 1941 டிசம்பர் 5ஆம் திகதி லாகூரில், தன் கண்காட்சி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, 28 வயதில் இறந்தார். அவருடைய படங்களை இன்று இந்தியா நாட்டின் கலைச் செல்வமாக அறிவித்து வைத்திருக்கிறது. பெரும்பகுதி டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. 1937இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' 2023 செப்டம்பரில் 61.8 கோடி இந்திய ரூபாய்க்கு ஏலம் போனது. அந்த விலையைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. சராயாவில் விசிறியோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரைப் படத்தின் தலைப்பு நமக்குச் சொல்லவில்லை. மொரிசோவின் மகளுக்குப் பால் கொடுத்தவள் ஆன்ஷெல் என்று நமக்குத் தெரியும். அவள் பெயர் மிஞ்சியிருப்பதால்தான் அந்தப் படத்தில் இன்று ஒரு தொழிலாளியைக் காண முடிகிறது. ஆகவே சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் குளக்கட்டோடு சேர்த்து அடுப்படியையும் வரையச் சொல்லுங்கள். அம்மாவை, அம்மம்மாவை, பக்கத்து வீட்டு மாமியை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் வேலை செய்யும் நேரத்திலும் சாய்ந்து இருக்கும் நேரத்திலும் வரையட்டும். படத்தின் பின்பக்கத்தில் வரைந்தவர் பெயரோடு, வரையப்பட்டவரின் முழுப் பெயரையும், திகதியையும், அந்த வீடு யாருடையது என்பதையும் எழுதச் செய்யுங்கள்.